சங்கத் தேர்தலை நடத்தித் தரும் ஒரு சேவை: சீட்டில் தேர்ச்சி, விதியில் தடுமாற்றம்

நாகர்கோவில் வடசேரிப் பகுதியில் இயங்கும் ஒரு சிறு அலுவலகம், சங்கங்களின் உட்தேர்தலை முழுப் பொறுப்பேற்று நடத்தித் தருகிறது. வணிகர் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், முன்னாள் மாணவர் அமைப்புகள் என்று பலருக்கும் இந்த வேலையைச் செய்து பழகியவர்களை, எங்கள் ஆசிரியர் சங்கத்தின் மாவட்டக் கிளைத் தேர்தலுக்கு அண்மையில் அமர்த்தினோம். வாக்காளர் பட்டியலைச் செப்பனிடுவது, வேட்புமனுப் படிவம் தருவது, வாக்குச்சீட்டு அச்சிடுவது, ஒன்பது ஒன்றியங்களிலும் வாக்குப்பதிவுக்கு ஆளும் பெட்டியும் அனுப்புவது, எண்ணி முடிவை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது ஆகிய அனைத்தும் அவர்களுடைய கட்டணத்தில் அடங்கும். இவற்றுடன் ‘மாதிரித் தேர்தல் நடத்தை விதிகள்’ என்ற தலைப்பில் ஒரு சிறு கையேட்டையும் தருகிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் என்பதால் என்னைத் தேர்தல் குழுவில் சேர்த்திருந்தார்கள். அந்த வகையில் இந்த வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை அருகிலிருந்து பார்த்தேன். சேவையாளரின் பெயரைச் சொன்னால் சங்கம் எது, தோற்றவர் யார் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும் என்பதால் பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீட்டு அச்சிடுவதிலும் எண்ணுவதிலும் இவர்கள் கைதேர்ந்தவர்கள், விதி எழுதுவதில், குறிப்பாகப் பிரசாரம் பற்றிய விதிகளில், இன்னும் தேறவில்லை.

வெளியாட்களை அமர்த்துவது எங்கள் சங்கத்துக்குப் புதிது. பதவிக்காலம் முடியும் ஆண்டில் பொதுக்குழுவைக் கூட்டி, மாநிலத் தலைமையிலிருந்து ஒருவர் மேற்பார்வையாளராக வந்து அமர, முன்னரே பேசி முடித்த பட்டியலை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கைதட்ட, ‘ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்’ என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதே நெடுங்கால வழக்கம். இம்முறை மாவட்டச் செயலாளர் பொறுப்புக்கு இருவர் நின்றார்கள். எவ்வளவோ பேசியும் இருவரும் விலகவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று சொல்கிறதே தவிர, வாக்கை எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவது, குறை இருந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைப் பெரும்பாலும் சங்கத்தின் துணை விதிகளுக்கே விட்டுவிடுகிறது. எங்கள் துணை விதியிலோ தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பதற்கு மேல் ஒரு வரியும் கிடையாது. ஆகவே சேவையாளரின் கையேடு எங்களுக்கு ஒரு கூடுதல் இணைப்பாக வரவில்லை. அதுவே தேர்தல் விதியாக அமையும் நிலை இருந்தது.

ஆசிரியர்களுக்குத் தேர்தல் நடத்திக் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்களைக் கற்பித்தல் அல்லாத பணிகளுக்கு அனுப்பக் கூடாது என்று சொன்னாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. எனவே எங்கள் வாக்காளர்களில் ஏறத்தாழ எல்லோருமே ஏதாவது ஒரு பொதுத் தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலராகவோ தலைமை அலுவலராகவோ இரவெல்லாம் கண்விழித்து, பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் படிவம் 17சி எழுதிப் பழகியவர்கள். பெட்டியில் முத்திரை எங்கே வைக்க வேண்டும், சீட்டை எப்படி மடிக்க வேண்டும் என்பதை இவர்களுக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களின் முன்னால் பணியாளர்கள் பெரிதாகத் தடுமாறவில்லை என்பதே ஒரு நற்சான்றுதான்.

வாக்காளர் பட்டியலில் அவர்கள் காட்டிய பொறுமை பாராட்டுக்குரியது. சந்தா ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை ஒன்றியவாரியாக வாங்கி, பள்ளியின் பெயரோடு கணினியில் ஏற்றி, ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதி செய்தார்கள். ஆசிரியர் சங்கப் பட்டியல் மற்றச் சங்கங்களின் பட்டியல்போல எளிதாக அமைவதில்லை. கலந்தாய்வில் மாறுதல் பெற்று முன்சிறையிலிருந்து தோவாளைக்குப் போனவர் சந்தாவைப் பழைய ஒன்றியத்தில் கட்டியிருப்பார். ஓய்வு வயதை எட்டியபின் கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனத்தில் இருப்பவருக்கு வாக்கு உண்டா என்ற கேள்வி எழும். ஒருவரே இரண்டு சங்கங்களுக்குச் சந்தா கட்டி இரண்டு நாட்குறிப்பேடுகளையும் வாங்கி வைத்திருப்பார். இவற்றில் எதற்கும் அவர்கள் தாங்களாக முடிவு சொல்லவில்லை. ஐயத்துக்குரிய பெயர்களைத் தனித் தாளில் எழுதி, காரணத்தையும் குறித்து, தேர்தல் குழுவின் முன் வைத்தார்கள். ஓர் ஒன்றியத்தில் நீண்ட நாளாகச் சந்தா கட்டாதிருந்த பலருக்கு, வாக்குரிமையை முடிவு செய்யும் தகுதி நாளுக்குச் சற்று முன்பு அடுத்தடுத்த எண்களில், ஒரே கையெழுத்தில் ரசீதுகள் போடப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் அவர்களே. வேட்பாளரின் ஆட்கள் மொத்தமாகச் சந்தா கட்டி வாக்குச் சேர்ப்பது சங்க உலகில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. நாங்கள் அந்த உறுப்பினர்களிடம் பணம் தாமே கட்டியதாக எழுத்தில் உறுதி கேட்டோம். சிலர் தந்தார்கள், சிலர் தரவில்லை, தராதவர்களை நீக்கினோம். ஆனால் இதைத் தடுக்கும் விதி கையேட்டில் இல்லை என்பதால் எங்கள் முடிவுக்குப் பிடிமானம் தேட வேண்டியிருந்தது. தகுதி நாள் என்பது தேர்தல் அறிவிப்புக்கு முந்திய ஒரு நாளாக இருக்க வேண்டும் என்ற ஒரே வரி இருந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது.

நாள் குறிப்பதில் அவர்கள் சறுக்கினார்கள். குமரி மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு வைத்தால் தேவாலயத்துக்குச் செல்வோரில் பாதிப் பேர் நண்பகல் வரை வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மண்டைக்காடு கொடை போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போது, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவது வழக்கம் என்பதை மறந்துவிட்டார்கள். அவர்கள் குறித்த சனிக்கிழமை அப்படிப்பட்ட ஒரு வேலை நாளாக இருந்தது. அறிவிப்பு அச்சாகி ஒன்றியங்களுக்குப் போன பிறகு அதைத் திரும்பப் பெற்று வேறு நாள் குறித்தோம். மறு அச்சுச் செலவை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வேட்புமனுப் படிவம் தெளிவாக இருந்தது. முன்மொழிபவர், வழிமொழிபவர், இருவரின் உறுப்பினர் எண், போட்டியிடும் பொறுப்பு, பரிசீலனை நாள், திரும்பப் பெறும் நாள் என்று வேண்டியவை எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தன. வரைவுச் சீட்டில் பெயர்களை முதலெழுத்தின்படி வரிசைப்படுத்தியிருந்தார்கள். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும் நம் ஊர் வழக்கில் அது பொருளற்றது என்று சொன்னதும், இயற்பெயரின் அகர வரிசைக்கு மாற்றினார்கள். விளவங்கோடு பக்கத்தில் மலையாள வழிப் பள்ளிகளில் பணிபுரிவோருக்காகப் பெயர்களை மலையாள எழுத்திலும் அச்சிடக் கேட்டோம். தயங்காமல் செய்து கொடுத்தார்கள். படிவத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான் பட்டது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியம் எனப்பட்ட கிராம சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்கிறது. பத்தாம் நூற்றாண்டில் ஒரு கிராம சபைக்குத் தோன்றிய இந்த எண்ணம் நம்முடைய வேட்புமனுப் படிவத்தில் இல்லை. சென்ற முறை பொருளாளராகவோ ஒன்றியச் செயலாளராகவோ இருந்தவர், தாம் வசூலித்த சந்தாவுக்கும் மாநாட்டு நிதிக்கும் கணக்கு ஒப்படைத்துவிட்டார் என்று தணிக்கையாளர் கையொப்பமிடுவதற்கு ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும்.

இனி கையேட்டுக்கு வருகிறேன். அதைப் படித்தபோது, சட்டமன்றத் தேர்தலின் நடத்தை விதிகளை எடுத்து, வேட்பாளர் என்ற சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் பிரசாரம் ஓய வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, வாகன அணிவகுப்புக்கு முன் அனுமதி வேண்டும், சுவர்களில் எழுதக் கூடாது என்றெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. ஆசிரியர் சங்கத் தேர்தலில் ஒலிபெருக்கி கட்டி வாக்குக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. அங்கே பிரசாரம் நடக்கும் இடங்கள் வேறு. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை, ஒன்றிய அளவிலான வாட்ஸ்அப் குழு, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சியின் தேநீர் நேரம், பணி நிறைவுப் பாராட்டு விழா, செப்டம்பர் 5 அன்று பொன்னாடை போர்த்தும் மேடை ஆகியவைதாம் களங்கள். இவற்றில் ஒன்றைக்கூடக் கையேடு தொடவில்லை.

இதனால் யாருக்கு நன்மை என்று பார்த்தால் குறையின் அளவு புரியும். பொறுப்பில் இருப்பவருக்குச் சங்கத்தின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் நிர்வாகி உரிமை இருக்கிறது. தேர்தல் அறிவித்த வாரத்தில் எங்கள் குழு ஒன்றில், ‘நிர்வாகிகள் மட்டும் பதிவிடலாம்’ என்று அமைப்பை மாற்றிவிட்டு, நிலுவைத் தொகை பெற்றுத் தந்த வரலாற்றைப் பொறுப்பில் இருந்தவரின் தரப்பினர் நாள்தோறும் படத்துடன் பதிவிட்டார்கள். எதிர்த்து நின்றவர் பதில் எழுத இடம் இல்லை. அவ்வாண்டு நாட்காட்டியில் ஒருவர் படம் பன்னிரண்டு மாதமும் சிரிக்கிறது. மற்றவர் தம் கைப்பணத்தில் துண்டறிக்கை அடிக்க வேண்டியிருக்கிறது. இயக்கப் பணி என்ற பெயரில் பள்ளி பள்ளியாகச் செல்லும் பயணத்துக்குச் சங்கத்திலிருந்து பயணப்படி எடுக்கலாம். அந்தப் பயணத்திலேயே வாக்கும் கேட்கலாம். இவை எதுவும் கையேட்டின்படி மீறல் ஆகாது. அதே கையேட்டின்படி, எதிர் வேட்பாளர் அனுமதி பெறாமல் ஒரு கூட்டம் போட்டால் அது மீறல்.

சங்கத்தின் பணத்தையும் வசதியையும் ஒரு வேட்பாளரின் வெற்றிக்குச் செலவிடக் கூடாது என்பது உலகத்துக்குப் புதிய கருத்து அன்று. அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்சங்க நிர்வாகச் சட்டம், சங்க நிதியையும் முதலாளியின் நிதியையும் எந்த வேட்பாளருக்காகவும் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுக்கிறது. நியாயமான கோரிக்கை விடுக்கும் எந்த வேட்பாளருடைய பிரசார அறிக்கையையும், செலவை அவரே ஏற்கும் பட்சத்தில், சங்கம் உறுப்பினர்களுக்கு அனுப்பித் தர வேண்டும் என்கிறது. உறுப்பினர் பட்டியலைப் பயன்படுத்துவதில் ஒருவருக்கு ஒரு நீதி மற்றவருக்கு ஒரு நீதி கூடாது என்றும் சொல்கிறது. மாநில, உள்ளாட்சி ஊழியர்களை மட்டுமே கொண்ட சங்கங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் அங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களின் உள்ளூர்ச் சங்கங்கள் பல அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன என்பது ஒரு வேடிக்கை. ஆனாலும் அந்த நெறியை ஒரு சங்கம் தன் சொந்த விதியில் எழுதிக்கொள்வதை எதுவும் தடுக்கவில்லை. பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு வேட்பாளரும் எழுதித் தரும் தேர்தல் அறிக்கையை, அவரிடம் காசு வாங்காமல், வாக்குச்சீட்டுடனேயே சேர்த்து உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர் இசைவின்றி அதில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. சொல்வரம்பு விதிப்பதானால் அது நூறு சொற்களுக்குக் குறையக் கூடாது. இருவர் நின்ற எங்கள் தேர்தலில் இதைச் செய்வதற்கு ஒரு தாளின் இரு பக்கங்கள் போதும். நாங்கள் அதைத்தான் கடைசியில் செய்தோம். இரு தரப்பு அறிக்கையும் ஒரே தாளில், ஒரே எழுத்தளவில் அச்சாகி, வாக்காளர் பட்டியலுடன் எல்லாப் பள்ளிகளுக்கும் போயிற்று. சேவையாளர்கள் மறுப்புச் சொல்லாமல் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் யோசனை அவர்களுடையது அன்று.

செலவு வரம்பு பற்றியும் கையேடு மௌனமாக இருக்கிறது. கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தல்களுக்காக லிங்டோ குழு பரிந்துரைத்து, 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன விதிகளில், வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்றும், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குத் தர வேண்டும் என்றும், அச்சிட்ட சுவரொட்டிகளே கூடாது, கையால் எழுதியவைதாம் அனுமதிக்கப்படும் என்றும் இருக்கிறது. மாணவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு, அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் தேர்தலில் வண்ண அட்டைகளும் பேனாக்களும் வலம் வந்தன. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஓரிடத்தில் நண்பர்கள் சந்திப்பு என்ற பெயரில் விருந்தும் நடந்தது. யார் செலவு என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. பொதுத் தேர்தலில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. ஒலிபெருக்கி விதியை எடுத்துப் போட்டவர்கள் இதை விட்டுவிட்டார்கள். பெயரில்லாத ஒரு தாள் வாக்குப்பதிவுக்கு முந்திய நாள் பள்ளி அஞ்சல் பெட்டிகளில் கிடந்ததும், அதில் ஒரு வேட்பாளரின் சமுதாயத்தையும் திருச்சபையையும் இழுத்து எழுதியிருந்ததும், இதைப் படிக்கும் இம்மாவட்டத்துக்காரர்களுக்கு வியப்பாக இராது.

இந்த இடத்தில் கையேடு எடுத்திருக்கும் நிலை எனக்கு முற்றிலும் உடன்பாடில்லாதது. ‘எதிர் வேட்பாளரைக் குறை கூறிப் பேசவோ எழுதவோ கூடாது’ என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் தடுக்கிறது. ஒருவருடைய சாதியையும் சமயத்தையும் குடும்பத்தையும் இழுப்பது வேறு. மாநாட்டுக் கணக்கு ஏன் இன்னும் தணிக்கைக்கு வரவில்லை என்று கேட்பது வேறு. முன்னதைத் தடுக்க வேண்டும், பின்னதைக் காக்க வேண்டும். இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டினால், கணக்குக் கேட்டவர்தாம் முதலில் சிக்குவார். எங்களுக்கு வந்த முதல் புகாரே அப்படிப்பட்டதுதான்: பயணப்படி பற்றிக் கேள்வி எழுப்பிய ஒரு பதிவை நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குழு அதைத் தள்ளுபடி செய்தது. பெயரில்லாத தாளைப் பற்றிய புகாரையோ எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கண்டன அறிவிப்பு ஒன்றை எல்லாக் குழுக்களிலும் போட்டதோடு சரி. புகார் வந்தால் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதற்கு மேல், எத்தனை நாளில், யார், என்ன தண்டனை என்று கையேட்டில் எதுவும் இல்லை. இதுபற்றிச் சேவையாளரின் தலைவரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன். “சாரே, எண்ணுறது எங்க வேலை, விதி எழுதுறது உங்க வேலை” என்றார். அது நியாயமான பதிலே. ஆனால் அப்படியானால் கையேட்டை ஏன் கட்டணத்தில் சேர்க்கிறார்கள் என்ற கேள்வி நிற்கிறது.

வேலை நேரத்தில் பள்ளிக்குள் வாக்குக் கேட்பது பற்றி மட்டும் ஒரு நல்ல வரி இருக்கிறது: பாடவேளையில் எந்த வேட்பாளரும் வகுப்பறைக்கோ ஆசிரியர் அறைக்கோ செல்லக் கூடாது. அதோடு தலைமையாசிரியர்களும் வட்டாரக் கல்வி அலுவலர்களும், உதவி பெறும் பள்ளிகளில் நிர்வாகத்தினரும், தேர்தலில் தலையிடக் கூடாது என்பதைச் சேர்த்திருந்தால் நிறைவாக இருந்திருக்கும். தாளாளரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் அந்தப் பள்ளியின் வாக்குகள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

வாக்குப்பதிவில் இவர்களுடைய திறமை வெளிப்பட்டது. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைப் பள்ளிகளில் இருப்பவர்கள், மகப்பேறு விடுப்பில் இருப்பவர்கள், மாற்றுப் பணியில் வெளி மாவட்டம் சென்றவர்கள் ஆகியோருக்கு அஞ்சல் வாக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். வாக்குச்சீட்டு உள்ளுறையில், கையொப்பமிட்ட உறுதிமொழி வெளியுறையில். வெளியுறையைச் சரிபார்த்துப் பிரித்த பின் உள்ளுறைகள் பெயரின்றிப் பெட்டிக்குள் போகும். முறை சரியாக விளக்கப்பட்டிருந்ததால் தள்ளுபடியானவை மிகக் குறைவு. ஒன்பது மையங்களிலும் பெட்டிகள் நேரத்துக்கு வந்தன. மறைப்பு அட்டை உயரமாக இருந்தது. அம்புக்குறி முத்திரையின் மை சீக்கிரம் உலர்ந்தது. சீட்டை நெடுக்குவாட்டில் மடிக்கும்படி அச்சுக்கோடு போட்டிருந்ததால், மை மறுபக்கம் படிந்தாலும் அதே வேட்பாளரின் கட்டத்திலேயே விழும். இப்படிச் சின்னச் சின்னவற்றில் அனுபவம் தெரிகிறது.

இரகசியத்தைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் தேவைப்பட்டது. வாக்குச்சீட்டிலும் அடிக்கட்டையிலும் ஒரே எண்ணை அச்சிட்டு, அடிக்கட்டையில் வாக்காளரின் கையொப்பத்தையும் வாங்குவதாக முதலில் திட்டமிட்டிருந்தார்கள். வாக்குச்சீட்டு முறையில் நடக்கும் பொதுத் தேர்தலில் அந்தக் கட்டுகள் அரசுப் பாதுகாப்பில் முத்திரையிடப்பட்டுக் கிடக்கும். சங்கத்திலோ வென்றவரின் அலமாரிக்குத்தான் போய்ச் சேரும். சற்று மெனக்கெட்டால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று பார்த்துவிடலாம். குழு கேட்டுக்கொண்டபின், எண்ணை அடிக்கட்டையில் மட்டும் வைத்து, சீட்டின் பின்புறம் தேர்தல் குழுவினர் இருவரின் கையொப்பத்துடன் வழங்கினார்கள். அதுபோலவே, வாக்குகளை ஒன்றியவாரியாக எண்ணி அறிவிப்பது வழக்கம் என்றார்கள். உறுப்பினர் குறைவாக உள்ள ஓர் ஒன்றியத்தில் அப்படி அறிவித்தால் ஆளையே சுட்டிக்காட்டுவது போலாகும். பின்னால் மாறுதல், பரிந்துரை என்று சங்கத்தின் உதவி வேண்டும்போது அது நினைவில் வைக்கப்படும். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையை அந்த மையத்தின் கணக்குடன் முதலில் ஒப்பிட்டு, ஒன்பதையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலந்த பிறகே யாருக்கு எத்தனை என்று எண்ண வைத்தோம். முகவர்களில் சிலர், எந்த ஒன்றியம் தங்களைக் கைவிட்டது என்று தெரியாமல் போயிற்றே என்று வருந்தினார்கள். அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதானே ஏற்பாடு.

எண்ணும் பணியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. குறை சொல்ல இடமில்லாமல் செய்தார்கள். ஐயத்துக்குரிய சீட்டு ஒவ்வொன்றையும் இரு தரப்பு முகவர்களுக்கும் உயர்த்திக் காட்டி, செல்லாது என்றால் காரணத்தை அதன் மேலேயே எழுதினார்கள். தோற்ற தரப்பு மறு எண்ணிக்கை கேட்டபோது முகம் சுளிக்காமல் மீண்டும் எண்ணினார்கள், எண்ணிக்கை மாறவில்லை. சமமாக வந்தால் குலுக்கல் என்ற விதியும் இருந்தது, தேவைப்படவில்லை.

முடிந்த பிறகு ஆவணங்களை என்ன செய்வது என்பதில் மீண்டும் கையேட்டின் அவசரம் தெரிந்தது. முப்பது நாளில் அழித்துவிடலாம் என்கிறது. மேலே சொன்ன அமெரிக்கச் சட்டம் வாக்குச்சீட்டுகளையும் தேர்தல் ஆவணங்களையும் ஓராண்டு காக்கச் சொல்கிறது. புதிய நிர்வாகக் குழுவின் விவரம் பதிவாளர் அலுவலகக் கோப்பில் ஏறும் வரையிலாவது சீட்டுகள் இருக்க வேண்டும் என்பதால், நாங்கள் ஓராண்டு என்றே முடிவு செய்து, இரு தரப்பின் முத்திரையும் இட்ட பெட்டியை இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் ஒப்படைத்தோம்.

கட்டணம் வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள், மலைப்பகுதி மையங்களுக்குப் போக்குவரத்துச் செலவு தனி. செய்த வேலைக்கு அது மிகுதி என்று சொல்ல மாட்டேன். தேர்தல் முடிந்தபின் பிரசார விதிகளில் சேர்க்க வேண்டியவற்றை எழுதி அவர்களுக்கு அனுப்பினோம். அறிவிப்பு வந்த நாள் முதல் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுக்கள் தேர்தல் குழுவின் கையில் இருக்க வேண்டும் என்பதையும், வேட்பாளர் அறிக்கைகளை ஒரே தாளில் அச்சிட்டு அனுப்புவதையும், அச்சிட்டவர் பெயரின்றி எந்தத் தாளும் வெளிவரக் கூடாது என்பதையும் கையேட்டின் அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள். செலவுக் கணக்குத் தாக்கல் செய்யும் பிரிவை மட்டும் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அதைப் போட்டால் மற்றச் சங்கங்கள் தங்களை அழைக்கத் தயங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எனவே இவர்களை அமர்த்த நினைக்கும் ஆசிரியர் சங்கங்கள், சீட்டையும் பெட்டியையும் எண்ணிக்கையையும் அவர்களிடம் விட்டுவிட்டு, செலவுக் கணக்கு, தகுதி நாள், புகார் விசாரணை ஆகிய மூன்றையும் தாங்களே எழுதிப் பொதுக்குழுவில் நிறைவேற்றிய பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.